வெறுங்காலோடு கொடி பிடித்தவள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றைக்கூட தீப்பெட்டி ஒட்டவோ வெடி ஆலைக்கோ அனுப்பவில்லை. எங்கள் தெருவில் இப்படிச் சொல்லிக்கொள்ள வேறு யாரும் கிடையாது. அதனால் நான் கொஞ்சம் உரக்கவே சொல்வேன். படிப்பு என்று பார்த்தால் பஸ் போர்டு வாசிப்பேன், என் பெயரைக் கையெழுத்துப் போடுவேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. என்னோடு ஒன்பது வருஷம் நாலுவழிச் சாலையில் வேலை பார்த்த ஒருத்தியைப் பற்றி. பெயர் வேண்டாம். போன வாரம் அவளை அடக்கம் செய்தார்கள். என்னை விட ஏழு வயது சின்னவள். என்னை மதினி என்பாள். உறவு ஒன்றும் இல்லை. கம்பெனி வேனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மதினி.

எங்கள் கூட்டத்தில் அவளைப் பற்றி எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: திமிர் பிடித்தவள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு சேதி சொன்னால் நம் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள், ஏதோ பல்லில் கீரை ஒட்டியிருக்கிற மாதிரி நமக்கே கூச்சமாக இருக்கும். யாராவது வேடிக்கையாகப் பேசினால் பேச்சு முடிவதற்குள் முதல் ஆளாகச் சிரித்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் யாரிடமும் "என்ன?" என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. நாம் எல்லோரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறோம். அவள் சொல்ல மாட்டாள். தெரிந்தது மாதிரியே தலையை ஆட்டுவாள்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி வாய்க்காரி. அவள்தான் ஒரு நாள் வேனில் வைத்துக் கேட்டாள், "ஏத்தா, ஒனக்குப் புருசன் இல்லை, ஆஸ்தி இல்லை, பெறகு இந்த ராங்கி மட்டும் எங்கன இருந்து வந்துச்சு?"

அவள் சிரித்துக்கொண்டே, "ஆமாக்கா, இன்னைக்கு வெயில் சாஸ்திதான்" என்றாள்.

வேனே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சாத்தூர்க்காரிக்குப் பதிலடி கொடுத்துவிட்டாள் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் வேலை விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில். போகிற சாலைக்கும் வருகிற சாலைக்கும் இடையே ஒரு மண்திட்டு ஓடும். அதில் வரிசையாக அரளி நட்டிருப்பார்கள். காரில் போகிறவர்களுக்கு அது பூ. எங்களுக்கு அதுதான் காலை ஏழரை முதல் மாலை ஐந்து வரை. களை கொத்த வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கிற கிளையை வெட்ட வேண்டும், தண்ணீர் லாரி வந்தால் குழாய் பிடிக்க வேண்டும், ஜன்னல் வழியாக எறிந்த குப்பையைப் பொறுக்க வேண்டும். வேன் எங்கள் எட்டுப் பேரையும் திட்டில் இறக்கிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்பி வரும். அதுவரைக்கும் நாலடி அகல மண்ணில்தான் இருப்பு. இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது, அந்தப் பக்கமும் முடியாது. மத்தியானம் ஒரே ஒரு தடவை, எல்லாரும் சேர்ந்து, கொடி பிடிக்கிறவனைக் கொடி காட்டச் சொல்லிச் சாலையைக் கடந்து பாலத்துக்கு அடியில் ஒதுங்கிவிட்டு வருவோம். அந்த ஒரு தடவைக்குப் பயந்தே காலையில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

சாப்பாடும் அங்கேயேதான். தூக்குவாளியைத் திறந்து நாலு வாய் எடுப்பதற்குள் மோர்ச்சோறு சாம்பல் நிறமாகிவிடும். கம்பெனியில் கொடுத்த காகித முகமூடி பத்து மணிக்கெல்லாம் மூக்குக்கு நேரே கறுத்துப்போகும். அதைக் கழற்றிவிட்டுத் துண்டை நனைத்துக் கட்டுவோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காறித் துப்பினால் அடுப்புக்கரி மாதிரி வரும். எனக்கு அந்த இருமல் இன்னும் விடவில்லை. காதுக்குள் பம்ப் ஸ்டவ் எரிகிற மாதிரி ஓர் இரைச்சல், அதுவும் விடவில்லை. நான் பேசினால் பிள்ளைகள், "ஏம்மா சண்டை போடுதே?" என்பார்கள். நான் சாதாரணமாகத்தான் பேசியிருப்பேன்.

அவள் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் வெடி ஆலையில் திரி சொருகிக்கொண்டிருந்தவள். பக்கத்து ஷெட்டில் ஒரு நாள் தீப்பிடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து அந்த ஆலை வேனில் ஏறவில்லை. எங்களில் பாதிப்பேர் அப்படித்தான் சாலைக்கு வந்தோம். இங்கே எதுவும் வெடிக்காது என்று வந்தோம். வந்து இரண்டு வருஷம் கழித்து அவள் என்னிடம் சொன்னாள், "அங்கன ஒரு தடவதான் வெடிக்கும் மதினி. இங்கன நாள் பூராம் வெடிக்கு."

அவளிடம் எனக்கு முதலில் வினோதமாகத் தெரிந்தது செருப்பு. கம்பெனி எங்களுக்குக் கறுப்பு பூட்ஸ் கொடுத்திருந்தது. எல்லாரும் அதைப் போட்டுக்கொள்வோம், இல்லாவிட்டால் கண்ணாடிச் சில்லும் கம்பியும் காலைக் கிழித்துவிடும். அவள் மட்டும் திட்டில் இறங்கியதும் பூட்ஸைக் கழற்றி ஓர் அரளித் தூரில் வைத்துவிட்டு, ஓரத்து சிமெண்டுக் கல்லில் வெறுங்காலை வைத்து நிற்பாள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். எங்கள் சூப்பர்வைசர் சின்னப் பையன், என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். அவன் கத்துவான்.

"ஏம்மா, ஆபீசர் வந்து பாத்தா என் சீட்டைக் கிழிப்பாரு. பூட்ஸை மாட்டுங்க!"

அவள் அவன் வாயைப் பார்த்துவிட்டு, "கால்ல ஆணி தம்பி, பூட்ஸ் அழுத்துது" என்பாள். காலில் ஆணி கிடையாது. நான் பார்த்திருக்கிறேன், கொப்புளம்தான் இருக்கும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். லாரி எதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் திட்டுக்குள் ஓர் அடி தள்ளி நின்றுகொள்வாள். ட்ரெய்லர் வருகிறதா, தண்ணீர் லாரி வருகிறதா என்றுகூடச் சொல்வாள். குனிந்து களை கொத்திக்கொண்டே, "பெரிசு ஒண்ணு வருது, துண்டைக் கட்டிக்கோங்க" என்பாள். சொன்ன மாதிரியே வரும், கரும்புகையை எங்கள் மேல் கக்கிவிட்டுப் போகும்.

உண்மை தெரிந்தது ஒரு தீபாவளி சீசனில். தீபாவளிக்கு முன்னால் எங்கள் ஊர்ப்பக்கம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெடி லோடு ஏற்றிய லாரிகள் இராப்பகலாக ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அடுப்பு வைத்து அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தெருப்பயல்கள் ஆலையிலிருந்து கொண்டுவந்த பெரிய வெடி ஒன்றை அவளுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், பற்ற வைத்துவிட்டு ஓடினார்கள். அவளிடம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வெடித்துவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினேன். தெரு நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது.

அவள் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்துத் தரையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

 அவளே சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீக மதினி."

"எப்பருந்து?"

"ஒரு நாள்ல போகலை. மொதல்ல குருவி போச்சு. காலையில கத்துமே, அது. பெறகு குக்கர் விசில். பெறகு எம் மக பேச்சு. இப்ப லாரி ஹாரன் மட்டும் தூரத்துல எங்கனயோ கேக்குற மாதிரி இருக்கு. மத்ததெல்லாம் கால்ல வருது."

"கால்லயா?"

"கல்லுல வெறுங்கால வச்சா அதுரும்ல. ட்ரெய்லர்னா முட்டி வரைக்கும் வரும். பஸ்ஸுன்னா பாதத்தோட நின்னுரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதா தாயி?"

"போயி? காது கேக்கலைன்னு சீட்டு வாங்கிட்டு வந்து வீட்ல உக்காரவா? காது கேக்காதவளை எவன் ரோட்டுல விடுவான்? திரும்ப அந்த வெடிக் கம்பெனி வேன்லதான் ஏறணும். அதுக்கு நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."

அவ்வளவுதான். மறுபடி பாகைக் கிண்டினாள். பாகு முற்றிப்போய்விட்டது, அந்த அதிரசத்தைப் பல்லால் கடிக்க முடியவில்லை. அதற்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து நான் அவளுக்குக் காதானேன். இதையும் பெருமையாகத்தான் செய்தேன். எப்போதும் அவளுக்கு எதிரே நின்று களை கொத்துவேன். யாராவது கூப்பிட்டால் கண்ணைக் காட்டுவேன், அவள் திரும்புவாள். தூரத்தில் இருந்தால் ஒரு சின்ன மண்ணாங்கட்டியை எடுத்து முதுகில் எறிவேன். கூட்டத்தில் எல்லாரும், "மதினிக்கும் நாத்தனாருக்கும் வெளையாட்டைப் பாரு" என்பார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பேர்கூடக் கொஞ்சம் குறைந்தது.

அவள் மனசார மகிழ்ந்து நான் பார்த்தது ஆடி மாதத்தில். இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போகிற சனம் கூட்டம் கூட்டமாக நாலுவழிச் சாலை ஓரமாகவே நடந்து போகும். மேளம் அடித்துக்கொண்டு, தீச்சட்டி ஏந்திக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ஒரு கூட்டம் எங்களுக்கு நேரே நின்று அடித்தது. அவள் வேலையை விட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "மதினி, மேளம் இங்கன அடிக்கு" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையால் வந்த தண்ணீர் என்று சாத்தூர்க்காரி நினைத்திருப்பாள். சூப்பர்வைசர்கூட அன்று அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அந்த மருத்துவ முகாம் வந்தது. டோல்கேட் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டு, சாலை வேலையாட்கள் எல்லாருக்கும் கண், காது, ரத்த அழுத்தம் பார்த்தார்கள்.  முந்தின நாள் வேனிலிருந்து இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். "நாளைக்கு லீவு போட்டுரவா?" என்றாள். போடலாம்தான். ஆனால் முகாமுக்கு வராதவர்கள் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள். பந்தலே தேவலை என்று நான்தான் சொன்னேன்.

காதுக்கு மிஷின் எதுவும் இல்லை. ஒரு டாக்டர் பெண், நாற்காலியில் நம்மை உட்கார வைத்து, பின்னால் இரண்டு முழம் தள்ளி நின்று, மெதுவான குரலில் ஒரு சொல் சொல்வாள். நாம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்காலி வரிசையைப் பார்த்துப் போட்டிருந்தது. வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

டாக்டர் பெண் "மஞ்சள்" என்றாள். எனக்கு நேரே தெரிந்த அவள் வாயைப் பார்த்து, நானும் சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். அவள் "மஞ்சள்" என்றாள். "எட்டு." நான் அசைத்தேன், அவள் "எட்டு" என்றாள். "பம்பரம்." அவள் "பம்பரம்." இப்படி ஆறு சொல். ஒன்றுகூடத் தப்பவில்லை.  டாக்டர் பெண் அவள் தோளைத் தட்டி, "ரோட்டுல வேலை பார்க்கிறவங்கள்ல இவ்வளவு நல்ல காது நான் பார்க்கலை. அழுத்தம்தான் கூட இருக்கு, உப்பைக் குறைங்க" என்றாள். அப்படியே சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்து நான் உட்கார்ந்தேன். எனக்கு வாயசைத்துக் காட்ட ஆளில்லை. என் காதுக்குள் ஸ்டவ் எரிகிறது, அதற்குள் அந்தப் பெண்ணின் சொல் கரைந்துபோகிறது. ஆறில் மூன்று தப்பு. "அம்மா, நீங்க அவசியம் பெரிய ஆஸ்பத்திரில காட்டணும்" என்று எனக்கும் ஒரு சீட்டு எழுதினாள். சூப்பர்வைசரிடம் கொடுக்கச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன். அப்போது என் தங்கை மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம்.

வேனில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

ஒரு மாதம் இருக்கும். எங்களுக்குக் கொடி பிடிக்கிறவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். கொடி என்றால், திட்டை ஒட்டிய ஒரு பாதையைக் கூம்பு வைத்து அடைத்துவிட்டு நாங்கள் வேலை பார்க்கும்போது, முன்னால் ஒருவர் நின்று வருகிற வண்டிக்குச் சிவப்புக் கொடியை ஆட்டி ஒதுக்கி விட வேண்டும். அவரை நம்பித்தான் மற்ற எல்லாரும் முதுகைக் காட்டிக் குனிந்திருப்போம். சூப்பர்வைசர் முகாம் சீட்டுக்களைப் புரட்டிப் பார்த்தான். பிறகு அவளைக் கை காட்டினான்.

"இந்தம்மாதான். காது, கண்ணு ரெண்டும் நம்பர் ஒன்னுன்னு டாக்டரே எழுதியிருக்காக. நாளையில இருந்து நீங்க கொடி பிடிங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை அசைத்து, மாட்டேன்னு சொல்லு என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள், சூப்பர்வைசருக்கு.

பாலத்துக்கு அடியில் வைத்து நான் அவளைத் திட்டினேன். "கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"மாட்டேன்னா ஏன்னு கேப்பான். என்ன சொல்ல? முன்னால வர்ற வண்டிய எனக்குக் கண்ணு தெரியும் மதினி. பின்னால இருந்து என்ன வரப் போகுது, அடைச்ச பாதையில? நீங்க இருக்கீகள்ல."

நான் இருந்தேன். நான்கு மாதம் அவளுக்குப் பின்னால், பத்தடிக்குள், முந்தானையில் மண்ணாங்கட்டியோடு இருந்தேன். அவள் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நின்றாள், அந்தத் தார் எப்படிக் கொதிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் வேனில் ஏறும்போது பாதத்தின் ஓரத்தால் நடப்பாள். ஒரு தடவைகூட எங்களுக்கு ஆபத்து வரவில்லை. கொடியை அவள் ஆட்டுகிற வேகத்தில் லாரிக்காரர்களே பயந்து ஒதுங்குவார்கள். எனக்குத்தான் வீட்டில் தூக்கம் போனது. படுத்தால் பாய்க்குக் கீழே லாரி ஓடுகிற மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்து, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். விடிந்ததும் வேன் வரும், ஏறிவிடுவேன்.

மாசி மாதம், காலை பத்து மணி இருக்கும். அடைத்த பாதை காலியாகக் கிடப்பதைப் பார்த்து, சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, எதிர்த்திசையில் ஒரு மொபட் உள்ளே வந்துவிட்டது. பின்னால் காலண்டர் அட்டைக் கட்டு. ஓட்டியவர் ஒரு வயசாளி. ஹாரனை அடித்துக்கொண்டேதான் வந்தார், அதை நான் மறைக்கவில்லை. மொபட் லேசான வண்டி. அது அவள் காலுக்கு வராது. பக்கத்துப் பாதையில் ட்ரெய்லர் ஓடிக்கொண்டிருந்தது, தரை முழுக்க அந்த அதிர்வுதான்.

எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல். குனிந்து நெஞ்சு வெடிக்க இருமிக்கொண்டிருந்தேன். மண்ணாங்கட்டியை எடுக்க வேண்டிய கை வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மொபட் என்னைத் தாண்டிவிட்டது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கத்தி என்ன செய்ய? ஏழு பேரும் கத்தினோம். ஹாரன் சத்தத்துக்கு அவள் விலகுவாள் என்று அந்த மனுஷன் திட்டுப் பக்கம் ஒடித்தார். அவளும் அதே நேரத்தில், ட்ரெய்லர் புகைக்காக, திட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

மொபட் இடித்து விழுந்தவளுக்கு இடுப்பு எலும்பு சிமெண்டுக் கல்லில் அடித்து நொறுங்கியது. அந்த மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஹாரன் அடிச்சேனே தாயி, ஹாரன் அடிச்சுக்கிட்டே தானே வந்தேன்" என்று அதையே சொன்னார். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தலையை ஆட்டினாள்.

மூன்றாம் நாள் வேனில் சூப்பர்வைசர் எங்களோடு ஏறினான். பையன் முகம் வெளுத்துப் போயிருந்தது. "நாளைக்கு விசாரணைக்குக் கூப்புடுறாக. நான் எதையும் சொல்லச் சொல்லலை. ஆனா யோசிச்சுக்கோங்க. அந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னா, மறுநாளே எல்லாருக்கும் மிஷின் வச்சுப் பாப்பாக. எத்தனை பேரு மிஞ்சுவீகன்னு உங்களுக்கே தெரியும்."

 அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாத்தூர்க்காரி தன் இடது காதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் ஜன்னலைப் பார்த்தாள். அவள் ஒருத்தியின் ரகசியம் என்று நான் பொத்தி வைத்திருந்தது எங்கள் எட்டுப் பேரின் ரகசியமாக இருந்திருக்கிறது.

அந்த ஆபீசில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விசாரித்த ஆபீசர் நல்ல மனுஷர். எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மெதுவாகக் கேட்டார். நான் அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"அம்மா, நீங்கதான் அவங்ககூட நெருக்கம்னு சொல்றாங்க. உண்மையைச் சொல்லுங்க. அவங்களுக்குக் காது கேட்கிறதுல ஏதாவது குறை இருந்ததா?"

"இல்ல சார். நல்லா கேக்கும். பந்தல்ல டாக்டரே எழுதிக் குடுத்திருக்காக."

"அப்ப ஹாரன் சத்தம் கேட்டும் ஏன் விலகலை?"

அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு, "என்னமோ வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா சார்" என்றேன்.

யாரும் என்னை அதைச் சொல்லச் சொல்லவில்லை. காது கேட்கும் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஏன் என்று கேட்டார், என்னிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும் போல இருந்தது. அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். கவனக்குறைவு என்று தாளில் ஏறியது. வேலைக்காரி மேல் தப்பு என்று முடிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் கால் கட்டிலோடு கட்டியிருந்தது. அசைய முடியாது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒம் மேலதான் தப்புன்னு நான் சொல்லிட்டேன் தாயி" என்றேன். அழுகை வந்துவிட்டது என்று பொத்தினேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வாயை மறைத்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவள் என் முந்தானையைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

"என்ன மதினி? என்ன சொன்னீக? கேக்கலை."

நான் முந்தானையை எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல. சாப்ட்டியான்னு கேட்டேன்."

"சாப்ட்டேன். நீங்க?"

கம்பெனியில் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. மகள் வீட்டில்தான் இருந்தாள், கோலூன்றி நடந்தாள். காது போனது விழுந்த அடியில்தான் என்று மகள் நம்பினாள், அவளும் திருத்தவில்லை. நான் இன்னும் ஒரு வருஷம் திட்டில் வேலை பார்த்தேன், தங்கை மகனுக்கு வேலை கிடைக்கும்வரை. அவளைப் போய்ப் பார்ப்பேன். அவள் என் வாயைப் பார்ப்பாள், நான் ஊர்க்கதை பேசுவேன். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் பேசினேன். பத்து வருஷம் போய்விட்டது. கடைசியில் அவளுக்குக் கண்ணிலும் புரை விழுந்தது, வாயும் தெரியாமல் போனது. அதன் பிறகு நான் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். சொல்ல நினைத்தாலும் சொல்ல வழியில்லை என்று ஆகிவிட்டது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அவள் துட்டிக்குப் போய்ச் சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவள் மகள் என் மடியில் விழுந்து அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், "அத்தை, அன்னைக்கு மட்டும் கொஞ்சம் கவனமா நின்னிருந்தா எங்கம்மா இப்படி மொடங்கிக் கெடந்திருப்பாளா? வேடிக்கை பாத்து வேடிக்கை பாத்து, தன்னையே கெடுத்துக்கிட்டாளே. அதுக்கு நான் எத்தனை நாள் அவளை ஏசியிருக்கேன்."

என் சொல் அது. நான் ஆபீசில் சொன்ன அதே சொல். அந்த வீட்டில் அது பத்து வருஷம் குடியிருந்திருக்கிறது. காது கேட்காதவளை அதைச் சொல்லியே ஏசியிருக்கிறார்கள், அவளும் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பாள். நான் அந்தப் பிள்ளையின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள். என் பேத்தி இதைக் கொண்டுபோய் அவள் மகள் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை படித்தவள், வாசித்துக்கொள்வாள்.

எழுதிக்கொண்டு வந்த பேத்தி இப்போது பேனாவை மூடிவிட்டாள்.

"அம்மாச்சி, இதைக் குடுத்தா அந்த அத்தை இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

"சரி."

"ஆபீஸ்ல சொன்ன இடத்தை மட்டும், 'என்ன சொன்னேன்னு எனக்குச் சரியா நெனப்பில்லை'ன்னு மாத்திரவா? உங்களுக்கு வயசாயிருச்சு, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"நல்லா நெனப்பிருக்கு. ஒரு எழுத்தையும் மாத்தாத. நோட்டைத் தூக்கு. முதல்ல இருந்து வேண்டாம், அந்த ஆபீஸ்ல நாற்காலி போட்டாகன்னு வருதுல்ல, அங்கன இருந்து வாசி. எனக்கு நேரே வந்து உக்காந்து, சத்தமா வாசி தாயி."